காரிருள் நீலிருளான கதை: மிகுபுனைவு நாவல்களை வெளியிடும் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். கற்பனை நாடுகளையும் அவற்றின் அரசர்களையும் போர்களையும் பாகம் பாகமாக விரித்துச் சொல்லும் மிகுபுனைவுப் பெருநாவல்களைத் தமிழில் வெளியிட்டுவரும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். அண்மையில் நான் விலைகொடுத்து வாங்கிப் படித்த, இதுவரை மூன்று பாகங்கள் வெளிவந்துள்ள நாவல் ஒன்றே இதை எழுதத் தூண்டியது. அதன் பெயரையோ, எழுதியவர் பெயரையோ, பதிப்பகத்தின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. நான் கண்ட பிழைகளின் பட்டியலைப் பதிப்பகத்துக்குத் தனியே அனுப்பிவிட்டேன். பொதுவில் எழுதக் காரணம், அந்த நூலில் கண்டவை அந்த நூலோடு நிற்பவை அல்ல என்பதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அது நல்ல நாவல். உப்பு வணிகத்தை வைத்தே ஒரு பேரரசின் எழுச்சியையும் சரிவையும் சொல்லிவிடும் துணிவு அந்த ஆசிரியருக்கு இருக்கிறது. போர்க்களங்களை எழுதுவதைவிடப் போருக்கு முந்தைய இரவுகளை அவர் நன்றாக எழுதுகிறார். நாவல் சுமாராக இருந்திருந்தால் பத்தாம் பக்கத்திலேயே மூடி வைத்திருப்பேன். இந்த மடலுக்கும் வேலை இருந்திருக்காது.

அந்த நாவலின் முதல் பாகத்தில், அரண்மனை வாயிலில் ‘அதிநீலி’ ஒருவர் வந்து தூதனை வரவேற்கிறார். அந்நாட்டில் அப்படி ஒரு பதவி இருக்கிறது என்று எந்த வாசகரும் எடுத்துக்கொள்வார். பிறகு படைத்தலைவன் ஒருவன், ‘வந்த நீலியம் முடிந்தது’ என்கிறான். கையிருப்பில் இருந்த அரிய மருந்தோ உலோகமோ தீர்ந்துவிட்டது போலும். மலைக் கணவாயில் ‘நீலிருள் சூழ்ந்தது’ என்று வரும்போது, அந்த உலகத்து இரவுக்கு நீல நிறம் என்று நினைத்து ரசிக்கவும் தோன்றுகிறது. மூன்றாம் பாகத்தில் ‘வேலைக்நீலி’ ஒருத்தி விளக்கை ஏந்திக்கொண்டு வருகிறாள். அங்கேதான் குட்டு உடைகிறது. ககர மெய்யை அடுத்து நகரம் வராது. கதை எந்தக் கற்பனை நாட்டில் நடந்தாலும், தமிழில் எழுதினால் அந்த விதி மாறாது.

நடந்தது இதுதான். நாயகியின் குதிரைக்கு ஆசிரியர் முதலில் ‘காரி’ என்று பெயர் வைத்திருக்கிறார். சங்ககால வள்ளல் காரியின் குதிரைக்கும் அதே பெயர் உண்டு என்பதாலோ என்னவோ, கடைசி நேரத்தில் அதை ‘நீலி’ என்று மாற்றியிருக்கிறார். ‘காரி’ வரும் இடங்களிலெல்லாம் ‘நீலி’ என்று போடும்படி யாரோ கணினிக்கு ஒரே கட்டளையைக் கொடுத்துவிட்டு எழுந்துபோயிருக்கிறார்கள். கணினி சொன்னதைச் செய்தது. அதிகாரி அதிநீலி ஆனார், காரியம் நீலியம் ஆயிற்று, காரிருள் நீலிருள் ஆயிற்று. மூன்று பாகங்களிலும் இது நடந்திருக்கிறது. அதன்பின் அந்தப் பக்கங்களை ஒருவராவது வரிவரியாகப் படித்திருந்தால் வேலைக்நீலியைத் தாண்டி வந்திருக்க முடியாது. ஆகவே யாரும் படிக்கவில்லை என்றுதான் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

மிகுபுனைவில் அச்சுப்பிழை செய்யும் கேடு மற்ற நூல்களில் செய்வதைவிடப் பெரியது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே. மதுரையைக் களமாகக் கொண்ட நாவலில் வைகை ‘வகை’ என்று அச்சானால் வாசகர் தாமே திருத்திக்கொண்டு மேலே போய்விடுவார்; ஆறு எங்கே ஓடுகிறது என்பதும் அதன் பெயர் என்ன என்பதும் அவருக்குத் தெரியும். இல்லாத ஆற்றுக்கு, இல்லாத பதவிக்கு, இல்லாத மூலிகைக்கு வெளியே எங்கும் சான்று கிடையாது. பக்கத்தில் அச்சாகியிருப்பதே ஒரே சான்று. இந்த வகை நூலைப் படிக்கும் வாசகர், புரியாத சொல் வந்தால் அதைப் பிழை என்று ஐயுறாமல் புது உலகத்தின் சொல்லாகவே ஏற்றுக்கொள்ளத் தம்மைப் பழக்கிக்கொண்டவர். எழுத்தாளர் மீதான அந்த நம்பிக்கையால்தான் இந்த வகை எழுத்தே நடக்கிறது. அதே நம்பிக்கைதான் பிழையையும் கதைக்குள் அழைத்து உட்காரவைத்துவிடுகிறது.

அந்த நாவலின் பேராறு சில அத்தியாயங்களில் செந்தாரை, சிலவற்றில் சேந்தாரை, போர் நடக்கும் அத்தியாயத்தில் செந்தரை. இவை ஒரே ஆறா, கிளையாறுகளா என்று வரைபடத்தைப் புரட்டினால் அங்கே ‘செந்துறை’ என்று போட்டிருக்கிறார்கள். செந்துறை அரியலூர் மாவட்டத்து ஊர். வரைபடத்தை வரைந்த ஓவியரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் மிக அழகாக வரைந்திருக்கிறார். அவர் கையில் ஒரு பெயர்ப் பட்டியலை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதைவிடக் கொடுமையானது இரண்டாம் பாகத்தின் இறுதிப் போர். இளவரசன் பெயர் வளவன். தேரோட்டியைக் குறிக்க ஆசிரியர் ‘வலவன்’ என்ற பழஞ்சொல்லையே கையாளுகிறார். இப்படி ஓரெழுத்து வேறுபாட்டில் இருவரை ஒரே தேரில் ஏற்றியது ஆசிரியரின் துணிச்சல் என்றுதான் சொல்வேன். நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் இருந்திருந்தால் அப்போதே தடுத்திருப்பார். அத்தியாயத்தின் கடைசி வரி, ‘அம்பு தைத்து வளவன் வீழ்ந்தான்’ என்று முடிகிறது. இளவரசன் இறந்துவிட்டான் என்ற துக்கத்தோடு படித்துக்கொண்டே போனால், பல பக்கங்கள் கழித்து அவன் கூடாரத்தில் உட்கார்ந்து மருத்துவனோடு பேசிக்கொண்டிருக்கிறான். மாயத்தால் உயிர்த்தெழுந்தானா என்றுகூட எண்ணத் தோன்றும். அப்படி நடக்கக்கூடிய உலகம்தான் அது. உண்மையில் இறந்தவன் தேரோட்டி. ஒரு லகரம் ளகரமாக மாறியதில் ஆசிரியர் மூன்று அத்தியாயங்களாகக் கட்டி எழுப்பிய அச்சம் வேறொருவன்மேல் செலவாகிவிட்டது. அதே போரில் எதிரியின் யானைப்படையான கரிப்படை ஓரிடத்தில் ‘கறிப்படை’ ஆகித் திரண்டு வருகிறது. அதையும் சிரித்துக் கடந்துவிடலாம். வளவனைக் கடக்க முடியவில்லை.

ஒற்றுப்பிழைகளைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. சில இடங்களில் ஒற்று மிகுமா மிகாதா என்று புலவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு நூலுக்குள் ஒரே முறையைப் பின்பற்றினால் எனக்குப் போதும். பாத்திரங்களின் பேச்சில் வட்டார வழக்கு வருவதையும் பிழை என்று சொல்ல மாட்டேன். பொருளே மாறிவிடும் இடங்களைத்தான் சொல்கிறேன். கதை முழுவதும் நாயகன் தேடி அலையும் வேல், கடைசியில் ஒரு முதிய கொல்லரிடம் இருக்கிறது. மூன்றாம் பாகத்தின் உச்சக் காட்சியில், ‘முதியவர் எழுந்து நின்று அவனுக்கு வேலை கொடுத்தார்’ என்று அச்சாகியிருக்கிறது. ஒரே ஒரு ககர ஒற்று விடுபட்டதில், பேரரசை மீட்க வந்தவனுக்குக் கொல்லுப்பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது.

கணினியில் பிழைதிருத்தி இருக்கிறதே என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். வாணி, நாவி போன்ற தமிழ்ப் பிழைதிருத்திகள் உழைத்து உருவாக்கப்பட்டவை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ‘வேலை கொடுத்தார்’ என்பது தன்னளவில் சரியான தமிழ். கறியும் சரியான சொல், வளவனும் சரியான சொல். மறுபுறம், ஆசிரியர் படைத்த பெயர்கள் எந்த அகராதியிலும் இல்லாதவை. மென்பொருள் அவை ஒவ்வொன்றையும் பிழை என்று காட்டிக்கொண்டே இருக்கும். நூறு முறை தவறாக எச்சரித்தபின், நூற்றொன்றாவது எச்சரிக்கையையும் யாரும் பார்க்காமல் ஒதுக்கிவிடுவார்கள். மற்ற நூல்களில் ஓரளவு துணைசெய்யும் கருவி மிகுபுனைவில் மிகக் குறைவாகவே துணைசெய்கிறது. மனிதக் கண்ணுக்கு இங்கே மாற்று இல்லை.

எழுத்துரு மாற்றத்தில் நேரும் சேதம் தனி. எழுத்தாளர் ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்து அனுப்புகிறார். பக்கம் வடிவமைப்பவர் தமக்குப் பழகிய பழைய எழுத்துருவுக்கு அதை மாற்றுகிறார். அந்த எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனித் துண்டுகள். வரி மடியும் இடத்தில் கொம்பு மேல்வரியின் கடைசியில் தனியே நிற்க, அதற்குரிய எழுத்து கீழ்வரியின் தொடக்கத்தில் போய் விழுகிறது. நூல் மின்னூலாகும்போது எல்லாம் மறுபடியும் ஒருங்குறிக்குத் திரும்ப வேண்டும். இந்தப் போக்குவரத்தில் ஔகாரக் குறி தொலைந்து, கொம்பும் ளகரமுமாகப் பிரிந்துவிடுகிறது. நாவலின் தலைநகரான மௌவல் மின்னூலில் ‘மெளவல்’ என்று இருக்கிறது. திரையில் பார்த்தால் வேறுபாடு கண்ணில் படாது. ஆனால் சரியாகத் தட்டச்சிட்டுத் தேடினால் தலைநகரைப் பற்றிய ஓரிடம்கூடக் கிடைக்காது. திரைவாசிப்பானின் துணையோடு கேட்கும் பார்வையற்ற வாசகருக்கு, மூன்று பாகங்களிலும் நகரத்தின் பெயர் தவறாகவே ஒலிக்கும்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த விதி அல்ல. இந்த வகை எழுத்துக்கு முன்மாதிரி என்று உங்கள் பின்னட்டைகளில் அடிக்கடி நீங்கள் குறிப்பிடும் டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக லண்டனில் வெளிவந்தது. ஆசிரியர் ஆங்கில மொழி, இலக்கியப் பேராசிரியர். ‘ட்வார்வ்ஸ்’, ‘எல்வன்’ என்று அவர் வேண்டுமென்றே எழுதிய சொற்களைப் பிழை என்று கருதிய அச்சகத்தார், வழக்கமான ‘ட்வார்ஃப்ஸ்’, ‘எல்ஃபின்’ என்று மாற்றிவிட்டார்கள். பிழை பார்ப்பதற்காக முதலில் எடுக்கும் அச்சுப்படியான மெய்ப்பில் அவர் அவற்றைக் கண்டுபிடித்து, போராடி மீட்டெடுக்க வேண்டியிருந்தது. முதல் பாகம் மறு அச்சுக்குப் போனபோது வேறொன்று நடந்தது. முதல் அச்சுக்காகக் கோத்த உலோக எழுத்துகளை அச்சகத்தார் முன்பே பிரித்துவிட்டிருந்தார்கள். ஆகவே முழுவதையும் மீண்டும் கோத்தார்கள். அதை ஆசிரியருக்கும் சொல்லவில்லை, பதிப்பாளருக்கும் சொல்லவில்லை. புதுப் பிழைகள் ஓசையில்லாமல் உள்ளே வந்தன. பிற்காலத்தில் கணினிக்கு ஏற்றியபோது இன்னும் சில சேர்ந்தன. 2004இல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில் ஹாமண்ட், ஸ்கல் என்ற இரு ஆய்வாளர்கள் 300க்கும் 400க்கும் இடைப்பட்ட திருத்தங்களைச் செய்தார்கள். அதன் பின்னரும் திருத்தங்கள் தொடர்ந்தன.

அத்தனை பெரிய நூலிலேயே பிழை இருந்ததே என்று இதை உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வரலாற்றில் நான் பார்ப்பது வேறு. ஒரு முறை பார்த்துத் திருத்திவிட்டால் நூல் திருந்திவிட்டது என்பது கிடையாது. யாராவது கைவைக்கும் ஒவ்வொரு முறையும் பிழை நுழைகிறது, திருத்தம் செய்யப்போகும்போதும் நுழைகிறது. எது ஆசிரியரின் நோக்கம், எது கைத்தவறு என்று மெய்ப்புப் பார்ப்பவருக்குத் தெரியாவிட்டால், அவர் நல்லதையும் சேர்த்துத் திருத்திவிடுவார். அதே நூலின் முதல் பாகத்தில், இறுதியில் பெயர் அட்டவணை வரும் என்று அறிவித்திருந்தார்கள். அதைக் கொடுக்க முடியாமல் போனதற்கு மூன்றாம் பாகத்தில் பதிப்பகம் வருத்தம் தெரிவித்து அச்சிட்டது. அட்டவணை இல்லாததற்கே வாசகருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதாக அவர்கள் நினைத்தார்கள்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. அது மிகுபுனைவு அல்ல. 2010இல் ஜோனதன் ஃபிரான்சன் எழுதிய ‘ஃப்ரீடம்’ நாவலின் பிரித்தானியப் பதிப்பு, திருத்தப்படாத பழைய கோப்பிலிருந்து தவறுதலாக அச்சாகிவிட்டது. 80,000 படிகள் அச்சான பிறகுதான் தெரிந்தது. வாங்கியவர்களுக்குச் சரியான படியை மாற்றித் தருவதாகப் பதிப்பகம் அறிவித்தது. நம்மிடையே ஒரு பதிப்பு பெரும்பாலும் சில நூறு படிகள்தான். தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்தபின் அதுவும் குறைந்துவிட்டது. ஆகவே அடுத்த நூறு படிகளை அச்சுக்கு அனுப்பும் முன் கோப்பைத் திருத்துவது எளிது. அப்படியும், நான் கண்ட அதே பிழைகளோடு அந்த நாவலின் முதல் பாகம் இரண்டாம் முறை அச்சாகி வந்திருக்கிறது. அட்டையில் மட்டும் ‘இரண்டாம் பதிப்பு’ என்று ஒரு பொன்வட்டம்.

காரணம் எனக்குத் தெரியாதது அல்ல. பொங்கலையொட்டி வரும் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் நூல் வந்தாக வேண்டும் என்று எல்லோரும் ஓடுகிறீர்கள். டிசம்பர் மாதத்தில் ஆயிரம் பக்கக் கோப்பைப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி ஒருவரிடம் கொடுத்து, நாலைந்து நாளில் திருப்பிக் கேட்டால் அவர் என்ன செய்வார்? ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொருவர் பார்த்திருக்கிறார் என்பது அந்த நாவலைப் படித்தாலே தெரிகிறது. முதல் பாகத்தில் ‘தளபதி’ என்று வருபவர் இரண்டாம் பாகத்தில் ‘தளகர்த்தர்’. நூலின் உரிமைப் பக்கத்தில் அட்டை ஓவியர், பக்க வடிவமைப்பாளர், அச்சகம் ஆகிய பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. மெய்ப்புப் பார்த்தவர் பெயர் இல்லை. மேடைகளில் ஆறுமுக நாவலரின் சுத்தப் பதிப்புகளையும், கும்பகோணம் கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்கு வந்து தங்கி அச்சுத்தாள்களைத் திருத்திய உ.வே.சா.வையும் போற்றிப் பேசுகிறோம். அந்த வேலையை இன்று செய்பவருக்கு அச்சில் ஒரு வரி இடமில்லை, கையில் உருப்படியான ஊதியமும் இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்பவை சில. ஒரு கற்பனை உலகை எழுதும் ஆசிரியரிடம் கைப்பிரதியோடு பெயர்ப் பட்டியல் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்: ஆட்பெயர், ஊர்ப்பெயர், பதவி, ஆயுதம், அவர் புதிதாக ஆக்கிய சொற்கள் எல்லாம், ஒவ்வொன்றையும் எப்படி எழுத வேண்டும் என்ற குறிப்போடு. பதிப்பாசிரியர், மெய்ப்புப் பார்ப்பவர், வரைபடம் வரைபவர், மின்னூல் செய்பவர் ஆகிய நால்வர் கையிலும் அதே பட்டியல் இருக்கட்டும். நூலின் இறுதியில் அதையே அச்சிட்டால் வாசகருக்கும் உதவும். பெயரை மாற்ற நேர்ந்தால் ஒரே கட்டளையில் மாற்றாமல், ஒவ்வோர் இடமாகப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். பக்க வடிவமைப்பும் திருத்தங்களும் எல்லாம் முடிந்தபின், கதையை அதுவரை படித்திராத ஒருவர் தாளில் அச்செடுத்து, முதல் பாகத்திலிருந்து தொடங்கி முழுவதும் படிக்க வேண்டும். அவருக்கு உரிய காலமும் கூலியும் கொடுங்கள். உரிமைப் பக்கத்தில் அவர் பெயரையும் போடுங்கள். பெயர் போட்டால் கவனமும் கூடும்.

பிழைகளோடு வெளிவந்துவிட்ட நூல்களுக்கு, பழைய புத்தகங்களின் கடைசியில் இருந்த ‘பிழையும் திருத்தமும்’ பக்கத்தை மீண்டும் கொண்டுவருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே விற்ற படிகளுக்காக அதை உங்கள் இணையதளத்தில் வெளியிடலாம். மின்னூல் வாங்கியவர்களுக்குத் திருத்திய கோப்பைக் கட்டணமின்றி அனுப்பலாம். வாசகர்கள் பிழைகளைக் குறித்து அனுப்பினால் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று ஒரு வரியாவது பதில் எழுதுங்கள். கதையைப் பார்க்காமல் காலையும் கொம்பையும் எண்ணுகிறார்கள் என்று எங்களைப் பற்றி முகநூலில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆயிரம் பக்கங்களில் ஒவ்வொரு பெயரையும் நினைவில் வைத்திருக்கும் வாசகர்கள் கதையைத்தான் பார்க்கிறார்கள்.

நான் குறிப்பிட்ட நாவலின் நான்காம் பாகம், வரும் புத்தகக் காட்சிக்கு வெளிவரும் என்று அறிவித்திருக்கிறார்கள். வளவன் பட்டம் சூடுவதா, துறவு பூணுவதா என்பது அதில்தான் தெரியும். அதற்காக எத்தனையோ பேர் காத்திருக்கிறோம். பக்கங்கள் முழுவதையும் ஒருவர் படித்து முடிக்காத நிலையில் தேதி நெருங்கிவிட்டால், அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிடுங்கள். இடைப்பட்ட காலத்தில் முதல் மூன்று பாகங்களின் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தால், கையிலிருக்கும் படிகளை நூலகத்துக்குக்கூடக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, புதியவற்றை மறுபடியும் விலைகொடுத்தே வாங்கிக்கொள்வேன்.

இங்ஙனம்,
உங்கள் நூல்களைத் தொடர்ந்து வாங்கிப் படிக்கும் ஒரு வாசகர்